பழைய பாட்டும் புதிய கிதாரும்: பாலக்காடு, இடுக்கி எல்லையிலிருந்து கேரள ராக் இசையைக் கேட்டல்

2013ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்தில் எழுந்த ராக் இசைக்குழுக்கள், தாம் புதிதாக எழுதிய பாடல்களோடு, கேட்பவர்கள் சிறுவயதில் கேட்டு வளர்ந்த திரைப்பாடல்களையும் நாட்டார் பாடல்களையும் மின்கிதாரும் டிரம்சும் சேர்த்துப் புதுப்பித்துத் தந்தே பெருந்திரளிடம் போய்ச் சேர்ந்தன. கொச்சியின் மேடைகளையும் அங்குள்ள தொலைக்காட்சி நிலையங்களையும் வைத்தே இந்தப் போக்கு பொதுவாக விளக்கப்படுகிறது. ஆயினும் பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கியின் மலைச்சரிவுகளிலும் வாழும் தமிழரின் செவியிலிருந்து அதை அணுகினால் வேறொரு படம் கிடைக்கிறது. இக்குழுக்கள் மீட்டெடுக்கும் பழமையின் கணிசமான பகுதி இந்த எல்லையோர ஊர்களில் பிறந்தவர்கள் ஆக்கியது; மாநில எல்லை எங்கே போகிறது என்று கேளாமல் வானொலி வழியாகவும் ஒலிநாடா வழியாகவும் மலைக்கு இருபுறமும் பரவியது.

ரெட்ரோ என்று இசையுலகில் குறிக்கப்படுவது, கடந்துபோன ஒரு காலத்தின் ஒலியை, அக்காலத்துக் கருவிகள், பாடும் முறை, ஒலிப்பதிவின் சாயல் ஆகியவற்றோடு வேண்டுமென்றே மீளக் கொண்டுவரும் போக்காகும். மேற்கில் இதற்கு எடுத்துக்காட்டு தேடுவோர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2012இல் தொடங்கிய கிரேட்டா வேன் ஃப்ளீட் குழுவைச் சுட்டுவர். 1970களின் லெட் செப்பெலின் குழுவை அச்சாக நினைவூட்டுகிறது என்று பாராட்டும் ஏச்சும் ஒருசேரப் பெற்ற அக்குழு, 2019இல் சிறந்த ராக் இசைத்தொகுப்புக்கான கிராமி விருதையும் வென்றது. வெகுசன இசை தன் கடந்தகாலத்துக்கே அடிமையாகிவிட்டது என்று சைமன் ரெய்னால்ட்ஸ் 2011இல் வெளியிட்ட 'ரெட்ரோமேனியா' என்னும் நூலில் வாதிட்டபோது அவர் மனத்தில் இருந்தது இத்தகைய திரும்புதல்தான்: ராக் இசை தன் சொந்த இளமைக்குத் திரும்புவது. கேரளத்தில் நிகழ்ந்தது அதுவன்று. கொச்சியில் 1970களின் பிற்பகுதியில் தோன்றி 1990இல் 'கிரவுண்ட் ஜீரோ' தொகுப்பை வெளியிட்ட 13ஏடி குழுவும், 1996இல் தொடங்கிய மதர்ஜேன் குழுவும் ஆங்கிலத்திலேயே பாடின. அவற்றின் ஒலிக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் பின்வந்த குழுக்களில் பெரிதாகத் தென்படவில்லை. அவை திரும்பிய இடம் ராக் இசையே அல்லாத ஒன்று: திரைப்பாடல். ராக் அங்கே வாகனம் மட்டுமே, ஊர் வேறு.

தைக்கூடம் பிரிட்ஜ் குழுவின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கொச்சியின் வைற்றிலாவை அடுத்த தைக்கூடம் பகுதியில் தங்கியிருந்த நண்பர்கள், அங்குள்ள பாலத்தின் பெயரையே குழுவின் பெயராக்கி 2013இல் மேடையேறினர்; வயலின் கலைஞரும் பாடகருமான கோவிந்த் மேனனும் (தாயின் பெயரைச் சேர்த்துக்கொண்டு கோவிந்த் வசந்தா என்று பின்னாளில் தமிழ்நாட்டில் அறியப்பட்டவர்) பாடகர் சித்தார்த் மேனனும் அதன் தொடக்கப் புள்ளிகள். மாத்ருபூமி நிறுவனம் அதே ஆண்டு தொடங்கிய கப்பா டிவியின் 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சியில் அக்குழு நிகழ்த்தியவற்றுள் இரண்டு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்று, மீன்களின் பெயர்களை அடுக்கிக் குறும்பாகப் பாடும் 'ஃபிஷ் ராக்'. மற்றொன்று 'நாஸ்டால்ஜியா' என்றே பெயரிடப்பட்ட பழைய திரைப்பாடல்களின் மெட்லி, அதாவது பல பாடல்களின் துண்டுகளைத் தாளமும் சுருதியும் இசையுமாறு ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்த கதம்பம். குழுவில் கோவிந்தின் தந்தை பீதாம்பரன் மேனனும் இளைஞர்களுக்கு நடுவில் நின்று பாடினார் என்பது வெறும் சுவையான செய்தி அன்று. பழைய பாட்டைப் பாடும்போது அப்பாட்டு புதிதாக இருந்த காலத்தைக் கண்டவர் ஒருவரும் மேடையில் இருப்பது, நகல் என்ற குற்றச்சாட்டைப் பாதி தணித்துவிடுகிறது.

அந்தப் பழமையின் மூலம் எங்கே என்று தேடிப் போனால் முதலில் வந்து நிற்கும் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள எலப்புள்ளி. 1928இல் எம்.எஸ்.விஸ்வநாதன் அங்கேதான் பிறந்தார். பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமையும்வரை அவ்வூர் மக்களுக்குச் சென்னை வெளிமாநிலத் தலைநகர் அல்ல, சொந்தத் தலைநகர். பக்கத்துச் சிற்றூர் வட்டத்திலிருந்து 1950களின் பின்னணிப் பாடகி பி.லீலாவும், அவருக்கு இரு தலைமுறை கழித்து, 'கருத்தம்மா' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்ற சுவர்ணலதாவும் வந்தனர். மெல்லிசை என்று தமிழர் இன்று ஏக்கத்தோடு குறிப்பிடும் ஒலியை வடித்ததில் இந்தக் கணவாய்க்கு இருக்கும் பங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாயிலைக் கடந்து ரயிலேறிய குடும்பங்களின் பங்குதான். மேற்கத்திய வாத்தியக் கூட்டத்தைத் தமிழ்ப் பாட்டுக்குள் கூச்சமின்றிக் கொண்டுவந்தவர் விஸ்வநாதன். 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில், ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கி, விஸ்வநாதனே இசை நடத்துபவராகத் தோன்றும் பாடலைப் பார்ப்பவர்க்கு, பின்னாளைய ராக் குழுக்கள் எங்கிருந்து கடன் வாங்கின என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது. டிரம்சும் பித்தளை ஊதுகருவிகளும் கிதாரும் அங்கே ஏற்கெனவே கூடியிருக்கின்றன.

இடுக்கிப் பக்கம் கதை இன்னும் அடர்த்தியானது. தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரம் மலையடிவாரத்து ஊர்; மேலேறினால் இடுக்கி. அவ்வூர்ப் பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகராகத் தம் தம்பியரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். அத்தம்பியருள் ஒருவர்தான் பின்னாளில் இளையராஜா என்று உலகறிந்தவர். 1957இல் தேவிகுளம் தொகுதியில் வென்ற ரோசம்மா புன்னூஸின் வெற்றி தீர்ப்பாயத்தால் செல்லாததாக்கப்பட்டு 1958இல் அங்கே இடைத்தேர்தல் வந்தபோது, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடம் வாக்குக் கேட்டுப் பாவலரின் குழு பாடியது. ரோசம்மா மீண்டும் வென்றார். முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் பொதுவுடைமை ஆட்சிக்கு அது முக்கியமான வெற்றி. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை தோற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தமிழ்ப் பாட்டு கேரளத்தின் அரசியலில் ஒரு கை கொடுத்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் விரிவாக எழுதலாம். இசையைப் பற்றிய பேச்சுக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரபலமான திரைமெட்டைப் பிடித்து அதில் அரசியல் சொற்களைப் பொருத்திப் பாடுவது அக்காலத்து மேடைகளில் பரவலான வழக்கம். மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார்கள் அவர்கள். சொல்லை வைத்துக்கொண்டு இசைக்கோவையை மாற்றுகின்றன இன்றைய குழுக்கள்.

இப்பாடல்கள் எல்லையோர வீடுகளுக்குள் வந்த வழி, அவை நினைவில் தங்கிய விதத்தையும் தீர்மானித்தது. 1952இல் மத்திய ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை ஏறத்தாழ விலக்கி வைத்ததும், கேட்போர் கூட்டம் கூட்டமாக இலங்கை வானொலிக்கு மாறினர். 1957 அக்டோபரில் விவித்பாரதி தொடங்கியதற்கே அந்த இழப்புதான் காரணம். தமிழுக்கு முழுநேரச் சேவை நடத்திய இலங்கை வானொலி மலையாளப் பாடல்களுக்கும் நேரம் ஒதுக்கியதால், ஒரே டிரான்சிஸ்டரில், ஒரே இரைச்சலுக்கு நடுவே, இரு மொழிப் பாடல்களும் அடுத்தடுத்து ஒலித்தன. பின்னாளில் கொடைக்கானல் பண்பலை வந்தபோது, மலையுச்சியில் நிற்கும் அதன் கோபுரத்துக்கு மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் பொருட்டாக இருக்கவில்லை. மூணாற்றின் லைன் வீடுகளில், அதாவது தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஓரறை இரண்டறைக் குடியிருப்புகளில், விடியலில் கொழுந்து பறிக்கக் கிளம்பும் முன் ஒலித்தது அந்த நிலையம்தான்.

ஒலிநாடா வந்த பிறகு நினைவு இன்னும் சொந்தமானது. 1980களில் கம்பம், போடி, பொள்ளாச்சி போன்ற சந்தை ஊர்களில் ரெக்கார்டிங் சென்டர் என்ற பெயர்ப்பலகையோடு இயங்கிய கடைகளுக்கு, நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவார்கள். பேருந்துக்கு நேரமாகிறது என்று வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் கடைக்காரர் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பதை மனக்கணக்காகக் கூட்டி, 60 நிமிட நாடாவின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி வரிசையை மாற்றுவார். மீந்த ஒன்றரை நிமிடத்துக்குப் படத்தின் முகப்பு இசையைப் போட்டு நிரப்புவார். பழைய பாட்டின் முடிவைக் கேட்டதும் அடுத்து வரவேண்டிய பாட்டு மனத்தில் தானாக எழும் பழக்கம் அந்நாடாக்கள் தந்ததே. மெட்லி என்னும் வடிவம் கேரளத்து ராக் மேடையில் இவ்வளவு எளிதாக எடுபட்டதற்கு இப்பழக்கமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்: பாடல்களைத் தனித்தனியாக அல்ல, தொடராகவே நினைவில் வைத்திருந்த தலைமுறை அது.

மேடை மரபிலும் ஒரு முன்னோடியை மறந்துவிட்டே இக்குழுக்களைப் பற்றிய பேச்சு நடக்கிறது. அது கானமேளா. கோயில் விழா, தேவாலயப் பெருநாள் ஆகியவற்றின் இரவுகளில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கொண்ட குழு திரைப்பாடல்களைப் பாடும் நிகழ்ச்சிக்குக் கேரளத்தில் இப்பெயர். தமிழ்நாட்டில் இதையே ஆர்க்கெஸ்ட்ரா என்றும் லைட் மியூசிக் என்றும் சொல்வார்கள். 1969இல் ஆபேல் அடிகளார் தொடங்கிய கொச்சின் கலாபவன் உள்ளிட்ட அமைப்புகள் இக்கலையைத் தொழிலாக வளர்த்தன. எல்லையோர ஊர்களில் தமிழ்ப் பாட்டு இல்லாத கானமேளா நடவாது. சிற்றூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ சீட்டெழுதி மேடைக்கு அனுப்பும் இளைஞர் கேட்பது பெரும்பாலும் இளையராஜா பாட்டாகத்தான் இருக்கும். வுட்ஸ்டாக்கையும் லண்டனையும் முன்னோராகக் காட்டுவது குழுக்களுக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் ஒரே இரவில் இரு மொழியில் இருபது பாட்டுப் பாடி, கூட்டத்தின் முகம் பார்த்து வரிசையை மாற்றும் திறமை கானமேளாவின் சொத்து.

வேறுபாடும் அங்கேதான் தொடங்குகிறது. கானமேளாவின் அறம் ஒரிஜினல் மாதிரியே பாடுவது. இடையிசையில் வரும் புல்லாங்குழல் துணுக்கு ஒரு சுவரம் பிசகினாலும் கூட்டத்தில் யாராவது கவனித்துவிடுவார். ஏக்கத்தைப் பற்றி எழுதிய அறிஞர் ஸ்வெட்லானா போய்ம், 2001இல் வெளிவந்த தம் நூலில் அதை இருவகையாகப் பிரித்தார்: இழந்ததை இழந்தபடியே மீளக் கட்ட முனைவது ஒன்று, இழப்பை ஒப்புக்கொண்டு, இடைவெளியை மறைக்காமல், அதன் மேல் நின்று யோசிப்பது மற்றொன்று. கானமேளா முதல்வகை. ராக் குழுக்களின் சிறந்த தருணங்கள் இரண்டாம் வகை. சாதாரணமான தருணங்கள் முதல் வகையிலும் சேராமல் இரண்டாம் வகையிலும் சேராமல், பழைய பாட்டின் கீழே வேகமான டிரம்சை ஓடவிட்டுக் கைத்தட்டு வாங்கிக்கொள்பவை. இப்பிந்திய வகை எண்ணிக்கையில் அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிறந்தவை ஏன் சிறக்கின்றன என்பதற்கு இசைக்குள்ளேயே ஒரு விளக்கம் உண்டு. ராக் கிதாரின் அடையாளமான டிஸ்டார்ஷன், அதாவது மின்னொலியை அளவுமீறிப் பெருக்கி அதன் அலைவடிவைச் சிதைத்து உண்டாக்கும் கரகரப்பு, பல சுவரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டுகளோடு ஒத்துப்போவதில்லை. ஆதார சுவரத்தோடு காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டினால் அவற்றின் கலப்பில் எழும் உபரி ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்புகின்றன. ஆகவே கிதார் வாசிப்போர் காந்தாரத்தை விட்டுவிட்டுச் சட்சமம், பஞ்சமம், மேல் சட்சமம் மட்டும் ஒலிக்கும் பவர் கார்டு என்னும் முறையைக் கைக்கொண்டனர். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்க்கு இவை எந்தக் கருவியின் சுவரங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தம்புராவில் மீட்டப்படுபவையும் சட்சமமும் பஞ்சமமுமே. ராகத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் காந்தாரம் கிதாரில் இல்லாததால் அது முழுவதும் பாடகரின் கையில் விடப்படுகிறது. அவர் அதை அசைத்தும் தாங்கியும் வழுக்கியும் பாட இடம் கிடைக்கிறது. பியானோவில் மூன்று சுவரக் கார்டை அழுத்தி வைத்தால் இந்தச் சுதந்திரம் போய்விடும். அதே வேளை, பஞ்சமமே வராத இந்தோளம் போன்ற ராகத்தில் அமைந்த பாட்டுக்கு இம்முறையை அப்படியே பொருத்தினால் கார்டின் பஞ்சமம் உறுத்தும். அங்கே கிதார் கலைஞர் மத்திமத்தை நோக்கி நகரத் தெரிந்தவராக இருக்க வேண்டும். திறமையுள்ள குழுவையும் இல்லாத குழுவையும் இத்தகைய இடங்கள் பிரித்துக் காட்டிவிடும்.

இளையராஜாவின் பாடல்களைக் குழுக்கள் விரும்பி எடுப்பதற்கு வேறொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற, கிதார் கலைஞராகவே சென்னையில் தொழில் தொடங்கிய அவர், பேஸ் கிதார் என்னும் கீழ்ச்சுருதிக் கிதாருக்கு வெறும் தாளத் துணை வேலை கொடுக்காமல், பாட்டின் மெட்டுக்கு எதிர்த்திசையில் நடக்கும் தனி மெட்டொன்றை எழுதினார். 1976இல் வந்த 'அன்னக்கிளி' முதல் அடுத்த பத்தாண்டுகளின் பாடல்களை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால், குரலை நீக்கிவிட்டாலும் பாட்டு நிற்கும் அளவுக்குக் கீழ்த்தளம் உறுதியாக இருப்பது புலப்படும். நான்கைந்து பேர் கொண்ட ராக் குழுவுக்கு வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ இல்லாவிட்டாலும் அந்தக் கீழ்த்தளம் தயாராகக் கிடைக்கிறது.

பாலக்காட்டு மாவட்டத்தோடு நேரடியாகப் பிணைந்த குழு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது பெங்களூரில் இயங்கும் அகம். தகவல் தொழில்நுட்ப வேலைகளில் இருந்தபடியே இசை வளர்த்தவர்கள் 2003இல் தொடங்கிய அக்குழு, 2007இல் சன் தொலைக்காட்சியின் 'ஊ லலலா' போட்டியில் வென்று தமிழ் இல்லங்களுக்கு அறிமுகமாகி, 2012இல் முதல் தொகுப்பையும் 2017இல் இரண்டாம் தொகுப்பையும் வெளியிட்டது. அதன் பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் ஷொர்ணூர்க்காரர். பாரதப்புழையின் மறுகரையில் 1930இல் நிறுவப்பட்ட கலாமண்டலம் இருக்கும் செறுதுருத்தி. அங்கே கற்பிக்கப்படும் கதகளிப் பாட்டில், சேங்கிலை தட்டித் தலைமை ஏற்கும் பொன்னானி ஒரு வரியைப் பாட, இலைத்தாளம் பிடித்த சங்கிடி அதை ஏற்றுப் பாட, செண்டையின் முழக்கத்துக்கு மேலே நின்றபடி குரலை மணிக்கணக்கில் தாங்கிப் பிடிக்க வேண்டும். உரத்த கருவிகளுக்கு எதிரே ராகம் பாடுவது அந்தக் கரையில் ராக் இசை வந்த பிறகு தோன்றிய புதுமை அல்ல. சுவாதித் திருநாளின் தனசிறீ தில்லானாவை அகம் டிரம்சோடு வாசிக்கும்போது அதைக் கலப்பு இசை என்று வகைப்படுத்திவிட்டு நகர்வோர் இந்தப் பின்னணியைத் தவறவிடுகிறார்கள்.

குழுவுக்கு வெளியே ஹரிஷ் பழைய மலையாளத் திரைப்பாடல்களை விரித்துப் பாடியது பெரிய சர்ச்சையாயிற்று. தெரிந்த பாட்டின் மெட்டை நீட்டி, வரிகளுக்கிடையே ராக சஞ்சாரம் செய்து, சில இடங்களில் முடிவைத் திறந்தே விட்டுவிடும் அவரது முறையைக் கேட்ட ஒரு சாரார், பாட்டைக் கெடுக்கிறார் என்று சமூக ஊடகங்களில் ஆண்டுக்கணக்கில் கேலி செய்தனர். அக்கேலியில் ஓரளவு நியாயம் உண்டு. மூன்றரை நிமிடப் பாட்டின் சுருக்கமே அதன் அழகாக இருக்கையில் அதைப் பன்னிரண்டு நிமிடம் இழுப்பது எப்போதும் பயன் தருவதில்லை. ஆயினும் நிரவலும் ஆலாபனையும் பழகிய சபை ஒரு கீர்த்தனைக்கு அனுமதிக்கும் உரிமையைத் திரைப்பாடலுக்கு மறுப்பது ஏன் என்ற கேள்வி நிற்கிறது. கீர்த்தனைக்கு மூல ஒலிப்பதிவு என்று ஒன்று இல்லை, திரைப்பாடலுக்கு உண்டு என்பதே விடையாக இருக்கக்கூடும். ஏக்கம் பாட்டின் மீதல்ல, அந்த ஒலிப்பதிவின் மீது.

சட்டமும் இதே பக்கம் சாய்கிறது. பிறர் பாடிப் பதிந்த பாட்டை மீண்டும் பாடிப் பதிவதற்குக் கவர் என்று பெயர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு, மூலப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்த பின், முன்னறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமத்தொகையை முன்பணமாகக் கட்டினால் கவர் பதிவுக்கு இடமளிக்கிறது. ஆனால் தொழில்நுட்பத் தேவை இன்றிப் பாட்டை மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படியானால் சட்டத்துக்கு உவப்பான கவர் கானமேளா பாணியிலானது; யோசித்து மாற்றுவோருக்கு இப்பிரிவு துணையில்லை, உரிமையாளரின் இசைவைத் தனியே பெற வேண்டும்.

பழமையோடு இவ்வளவு நெருங்கிப் பழகுவோர் உரிமைச் சிக்கலின் இருபுறத்திலும் நிற்க நேர்வது இயல்பு. கோவிந்த் வசந்தா இசையமைத்த '96' படம் 2018இல் வெளிவந்தது, எஸ்.ஜானகியின் பெயர் சூட்டப்பட்ட நாயகி இளையராஜாவின் பாடல்களைப் பாடுவதாக அதில் காட்சிகள் வந்தன. ஏக்கத்தையே கதைப்பொருளாக்கிய அப்படத்துக்கு ஒரு ராக் குழுவின் வயலின் கலைஞர் இசையமைத்தது பொருத்தமாகவே அமைந்தது. அவர் எழுதிய இசை பழைய பாடல்களோடு போட்டியிடாமல் விலகி நின்றது. இளையராஜா மறு ஆண்டு, தம் பழைய பாடல்களைப் புதிய படத்தில் பயன்படுத்தியதைக் கடுமையாகக் கண்டித்தார். 2022இல் நிலைமை தலைகீழாயிற்று. 'காந்தாரா' என்ற கன்னடப் படத்தின் பாடலொன்று தங்கள் 'நவரசம்' பாடலை ஒத்திருப்பதாகத் தைக்கூடம் பிரிட்ஜ் கோழிக்கோட்டு நீதிமன்றத்துக்கும், அப்பாடலின் உரிமை வைத்திருந்த மாத்ருபூமி பாலக்காட்டு நீதிமன்றத்துக்கும் சென்றன. இடைக்காலத் தடைகள் வந்தன, பாடல் சில வாரம் மறைந்தது, வழக்கை விசாரிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு என்ற வாதங்களுக்கிடையே பின்னர் திரும்பி வந்தது. கதகளியின் ஒன்பான் சுவையைக் கிதாரில் ஏற்றியதற்கு யார் உரிமையாளர் என்ற கேள்வி கதகளி வாழும் மாவட்டத்தின் நீதிமன்றத்துக்கே வந்தது, வேண்டுமென்றே அமைத்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது.

இவையனைத்துக்கும் பிறகு ஒரு குறை எஞ்சுகிறது. இக்குழுக்கள் மீட்ட பழமை, ஒலிநாடாவில் ஏறிய பழமை மட்டுமே. அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மா 2020இல் 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தம் மொழியில் பாடி, 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றபோது, முறையாகச் சங்கீதம் பயிலாதவருக்கா என்று சிலர் முணுமுணுத்ததும் அதற்குப் பல இசைக்கலைஞர்களே மறுப்புச் சொன்னதும் நினைவிருக்கும். அப்பாட்டு அதற்கு முன்னும் இருந்தது. திரைக்கு வந்த பிறகே அது பழைய பாட்டு என்ற தகுதியைப் பெற்றது. சென்னையில் 2018 தொடக்கத்தில் பா.ரஞ்சித்தின் முன்முயற்சியில், தென்மாவின் இசைத் தலைமையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் பறையையும் ராக் மேடைக்குக் கொண்டுவந்தது போன்ற வேலை, தேயிலைத் தோட்டங்களின் நினைவை எடுத்துக்கொண்டு உயர்மலைப் பகுதியில் பெரிதாக நடைபெற்றதாகத் தெரியவில்லை. சரக்குக்குப் பஞ்சமில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாக்களின் தப்பும் கும்மியும் இருக்கின்றன. இறந்த வீட்டு ஒப்பாரி இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாற்றின் சாலையை ஒன்பது நாள் மறித்து உட்கார்ந்த பெண் தொழிலாளர், பெம்பிளை ஒருமை என்ற பெயரில், தமிழில் எழுப்பிய தாளக்கட்டான முழக்கங்கள் இருக்கின்றன. வழிவழியாக வந்த அந்த மெட்டுகளை எடுத்தாளும் குழு 31சி பிரிவின்படி யாருக்கும் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டியதில்லை. 50,000 பிரதிகளுக்கு முன்பணம் கட்டவும் வேண்டியதில்லை.